சருகுக்கு நெருப்பு வைக்குமுன்: கொழும்பு வளவுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்குக் குடிவந்து, வெள்ளவத்தையிலோ கிருலப்பனையிலோ மாமரமும் தென்னையும் நிற்கும் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள், வந்த முதற் சனிக்கிழமையே முற்றத்தைக் கூட்டிக் குவித்துவிட்டு நெருப்புப்பெட்டியைத் தேடுவது வழக்கம். ஊரில் அப்படித்தான் செய்தோம். பொழுதுபட வேலிக்கரையில் சருகுக் குவியலைக் கொளுத்தி, அது கனன்று முடியும்வரை அப்பாவும் பிள்ளைகளும் சுற்றி நின்று தடியால் கிளறிவிட்டதும், அந்தப் புகைக்கு நுளம்பு ஓடிவிடும் என்று அம்மம்மா சொன்னதும் எங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் ஊர் வளவு நான்கு பரப்பு. கொழும்பு வளவோ பத்துப் பேர்ச், அதாவது ஊர்க் கணக்கில் ஒரே ஒரு பரப்பு. அதிலும் பெரும்பகுதியை வீடே பிடித்துக்கொள்ள, எஞ்சுவது பின்முற்றமும் மதிலோரத்து ஒடுங்கிய துண்டும் மட்டுமே. மதிலுக்கு அப்பால் ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதன் ஒவ்வொரு பல்கணியிலும் உடுப்புக் காய்கிறது. நான் முதன்முறை சருகு கொளுத்திய மாலையில் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிவந்த ஓர் அக்கா கோபப்படவில்லை. "தம்பி, மாமிக்கு இழுப்பு, யன்னல் எல்லாம் பூட்டிப்போட்டு இருக்கிறம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு நான் அந்தப் பழக்கத்தை விட்டேன்.

விடுவதற்குச் சட்டமும் காரணமாக இருக்கிறது. குப்பையையும், பிளாஸ்ரிக் உட்பட எரியக்கூடிய ஏனைய பொருட்களையும் திறந்த வெளியில் எரிப்பது, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட கட்டளை ஒன்றினால் 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதி முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கூட்டிக் குவித்த சருகில் எப்படியும் ஒரு பிஸ்கட் உறையோ பொலித்தீன் துண்டோ கலந்திருக்கும் என்பதையும், கொழும்பின் ஈரக்காற்றில் சருகு சுவாலைவிட்டு எரியாமல் மணிக்கணக்கில் கனன்று புகைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தடை ஏன் வேண்டியிருந்தது என்பது விளங்கும். நுளம்பைப் பற்றிச் சொல்வதானால், டெங்குவைப் பரப்பும் நுளம்பு காலையிலும் பின்னேரத்திலும் வெளிச்சம் இருக்கும்போதே கடிப்பது. அது தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவது. இருட்டிய பின் முற்றத்தில் எழும் புகையால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

அப்படியானால் சேர்ந்த குப்பையை எல்லாம் உரப்பையில் கட்டி மாநகர சபை லொறிக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கொழும்பு தன் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்வி அதற்குப் பிறகு கெரவலப்பிட்டிக்கும் புத்தளத்து அருவக்காட்டுக்கும் போய்விட்டதே தவிர, தீர்ந்துவிடவில்லை. வளவில் விழுந்தவற்றில் மிகப்பெரும் பங்கை வளவுக்குள்ளேயே உக்கவைத்துவிட்டு, எரிப்பதற்குத் தகுதியானது என்று ஒரு சிறு விறகுக் கட்டு மட்டும் எடுத்துவைத்து, அதையும் பானை ஏற்றிய அடுப்பில்தான் எரிக்கவேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இனி அதைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

பிரித்தல்

வேலையைச் சனிக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன் தொடங்குவது நல்லது. ஒரு தும்புத்தடி, ஓர் ஈர்க்குமாறு, மண்வெட்டி, கத்தி, இரண்டு மூன்று உரப்பைகள், ஒரு கடகம் ஆகியவை போதும். காலுக்கு மூடிய சப்பாத்தும் கைக்குத் தடித்த கையுறையும் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் ஒரு வாரத்துக்கு மேலாகக் கிடந்த குவியலின் அடியில் மட்டைத்தேளும் தேளும் இருக்கும், சிலவேளை சாரைப்பாம்பும் சுருண்டு கிடக்கும். குவியலைக் கையால் அள்ளுமுன் நீளத் தடியால் ஒரு பக்கமிருந்து தட்டிக் கிளறி, இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் உள்ளே இருப்பது தானாகவே வெளியேறிவிடும். குவியலுக்கு நெருப்பு வைத்த காலத்தில் இந்த உயிர்கள் எல்லாம் என்னவாயின என்று அப்போது நாங்கள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கூட்டியதை நான்காகப் பிரிக்கவேண்டும். மாவிலை, பலாவிலை போன்ற காய்ந்த சருகு ஒன்று. வெட்டிய புல், முருங்கைக் குழை, வாழைத் தண்டு, பூச்செடிகளில் நறுக்கிய பச்சை ஆகியவை இரண்டாவது. விரல் தடிப்புக்கு மேற்பட்ட கொப்புகளும் தடிகளும் மூன்றாவது. தென்னையிலிருந்து விழுந்த அனைத்தும் நான்காவது. இவற்றுக்குள் அகப்படும் பொலித்தீன், யோகட் கப், போத்தல் மூடி, கயிறு முதலியவற்றைப் பொறுக்குவதைச் சிறுபிள்ளைகளிடம் விடலாம். அவர்களுடைய கண் எங்களுடையதைவிடக் கூர்மையானது, ஒரு துண்டையும் தப்பவிடமாட்டார்கள். அலரிச் செடி வளவில் நின்றால், அதன் இலையையும் தடியையும் தனியே கட்டி ஒதுக்கிவிடவேண்டும். அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. எரித்தால் வரும் புகையும் நஞ்சு. ஆகையால் எந்தச் சூழ்நிலையிலும் அது அடுப்புக்குப் போகக்கூடாது.

மரத்தையே தறிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பலா, ஈரப்பலா ஆகிய மரங்களைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும் என்று 1951 ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. சருகு கூடிவிட்டது என்பதற்காகப் பலாவில் கைவைக்கக்கூடாது.

உக்கவைத்தல்

சருகும் பச்சையும் சேர்ந்தால் கூட்டெரு. இதற்கென்று விற்கப்படும் பிளாஸ்ரிக் பீப்பாய் வசதியானதுதான். ஆனால் மாமரமும் பலாவும் நிற்கும் வளவில் அது இரண்டு வாரத்தில் நிரம்பிவிடும். ஆகவே நிலத்தில் குவியலாகப் போடுவதையே நான் சொல்வேன். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் என்பது நல்ல அளவு. அதைவிடச் சிறிதானால் குவியலுக்குள் வெப்பம் தங்காது; மிகப் பெரிதானால் நடுப்பகுதிக்குக் காற்றுப் போகாது, புரட்டவும் முதுகு இடம்கொடாது. இடம் மதிலிலிருந்து ஓரடியாவது விலகியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் மதிலில் ஈரம் ஊறி மறுபக்கத்து வீட்டுப் பூச்சு உரிந்துபோகும், அதன்பிறகு அயலவரோடு பேச்சுவார்த்தைதான். கிணறு இருந்தால் அதிலிருந்து தள்ளியே போடவேண்டும். அடியில் சீமெந்து இராமல் மண் இருப்பது நல்லது. வடியும் நீரை மண் குடித்துக்கொள்ளும், மண்புழுவும் மேலே வரும்.

முதலில் கைத்தடிப்புள்ள கொப்புகளை ஒரு சாண் நீளத்துக்குத் தறித்து அடியில் பரப்பவேண்டும். மூன்றாவது பிரிவுக்கு நான் கண்ட மிகச்சிறந்த பயன் இதுதான். அடியிலிருந்து காற்று ஏறுவதற்கு இது வழிசெய்யும். அதன்மேல் ஓரடி உயரத்துக்குச் சருகு, அதன்மேல் நாலங்குலம் பச்சை, அதன்மேல் ஒரு கடகம் மண் அல்லது முன்னர் உக்கிய எரு என்று அடுக்கிக்கொண்டு போகவேண்டும். கொள்ளளவில் மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பச்சை என்பதைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். காய்ந்த சருகில் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. புல்லிலும் சமையலறைக் கழிவிலும் நைதரசன் கூடுதல். உக்கவைக்கும் பற்றீரியாக்கள் ஏறக்குறைய முப்பது பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் இருக்கும் கலவையில்தான் விரைவாகப் பெருகுகின்றன. சருகு மட்டும் போட்டால் ஒரு வருடமானாலும் அப்படியே கிடக்கும். பச்சை மட்டும் போட்டால் நாலாம் நாளே நாறத் தொடங்கும்.

சமையலறையிலிருந்து மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, வாழைப்பழத் தோல் ஆகியவற்றைப் போடலாம். தேங்காய்ப்பூப் பிழிந்த சக்கையையும் போடலாம். ஆனால் கொழும்பு எலிக்கு அது விருந்து என்பதால், குவியலின் நடுவில் ஒரு சாண் ஆழத்தில் குழிபறித்துப் புதைக்கவேண்டும். மீன் கழிவு, இறைச்சி, கறிமிச்சம், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பலாவிலையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் என் முதற் குவியல் அதனால்தான் பாழானது. அது தடித்த, மினுக்கமான, நீர் ஒட்டாத இலை. பச்சைக்கு மேலே முழு இலையாகப் பரப்பினேன். ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோலப் படிந்து, மேலே ஊற்றிய தண்ணீர் முழுவதும் பக்கவாட்டில் வழிந்துவிட, ஆறு வாரம் கழித்துக் கிளறியபோது உள்ளே தூசி பறக்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது. இப்போது பலாவிலையை ஓர் உரப்பையில் போட்டு ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் மண்வெட்டியால் கொத்திய பின்பே குவியலில் சேர்க்கிறேன். மாவிலைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, கொத்தினால் போதும். வாழைத் தண்டு இதற்கு நேர்மாறானது. அதில் தண்ணீரே பெரும்பங்கு என்பதால், துண்டாக்கிச் சருகுக்கு இடையில் வைத்தால் குவியலுக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றவே வேண்டியிருக்காது.

ஈரம் சரியா என்பதைக் கையால் பார்க்கலாம். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி கசியவேண்டும். ஒழுகினால் ஈரம் கூடிவிட்டது, சருகு சேர்த்துப் புரட்டவேண்டும். பிடி உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கவேண்டும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே மாதத்திலும், பிறகு ஒக்ரோபர், நவம்பரிலும் அது கொட்டித் தீர்க்கும்போது குவியல் திறந்து கிடந்தால், சத்து முழுவதும் கரைந்து கானுக்குள் போய்விடும். மூடுவதற்குப் பலர் பொலித்தீன் விரிப்பைப் போட்டு நாலு மூலையிலும் கல் வைக்கிறார்கள். அதன் மடிப்புகளில் நீர் தேங்கி ஒரு வாரத்துக்குள் நுளம்புக் குடம்பி நெளியும். 2017 இல் இலங்கையில் 1,86,000 க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள்; நுளம்பு பெருக இடமளிப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம், பரிசோதனைக்கு வருபவர்கள் வளவின் மூலைமுடுக்கெல்லாம் பார்ப்பார்கள். ஆகவே கிடுகு வேய்ந்தோ, ஒரு பக்கம் சரிவாக வைத்த தகரத்தாலோ மூடுவதே சரி.

குவியல் சரியாக அமைந்தால் மூன்றாம், நாலாம் நாளில் சூடேறும். இரும்புக் கம்பி ஒன்றை நடுவரை செருகி, கால் மணித்தியாலம் கழித்து இழுத்துத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்காத அளவுக்குச் சுடவேண்டும். உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் போனால் களை விதைகளும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் அழிந்துவிடும். சூடு தணிந்ததும், ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை, வெளிப்பக்கத்தை உள்ளே போட்டு உள்பக்கத்தை வெளியே எடுத்துப் புரட்டவேண்டும். புரட்டும்போது ஆவி எழும்புவதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். எரியும் சருகைச் சுற்றி நின்ற அதே ஆவல்தான், புகை மட்டும் இல்லை. வெள்ளை நிறத்தில் பெருவிரல் தடிப்பில் சுருண்டு கிடக்கும் புழுக்கள் அகப்பட்டால் அவற்றைப் பொறுக்கி அகற்றவேண்டும். அவை தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குடம்பிகளாக இருக்கலாம். உக்கும் குவியலும் இற்ற தென்னங்குற்றியும் அந்த வண்டுக்குப் பிறப்பிடம். நாறினால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம், உடனே புரட்டிச் சருகு சேர்க்கவேண்டும்.

கொழும்புச் சூட்டில் மூன்று மாதம் போதும். கறுத்து, மழை நனைந்த மண்ணின் மணம் வந்து, இலை எது என்று அடையாளம் தெரியாமல் போனதும், கோழிக்கூட்டுக் கம்பிவலையை ஒரு சட்டத்தில் அடித்து அரித்தெடுக்கலாம். அரிப்பில் தங்கியவற்றை அடுத்த குவியலுக்குப் போடலாம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்ட மாதங்களில் கொழும்பில் பலர் பூச்சாடிக்குக்கூடப் பசளையின்றித் தவித்தபோது, இப்படி ஒரு குவியல் வைத்திருந்தவர்கள் அயலவருக்கும் அள்ளிக் கொடுத்தார்கள்.

தென்னை

தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலை வீதம் விழுத்தும். வளவில் இரண்டு மரம் நின்றால் வருடத்துக்கு இருபத்தைந்து ஓலை, அதோடு பாளை, பன்னாடை, பொச்சு, சிரட்டை எல்லாம் சேரும். இவை உக்குவதற்கு நெடுநாள் எடுக்கும், எரிவதற்கோ முதல்தரம். நான் முன்னர் சொன்ன அந்தச் சிறு கட்டு இங்கிருந்துதான் வரவேண்டும்.

ஓலை விழுந்த அன்றே, மட்டை பச்சையாக இருக்கும்போதே, இலையைக் கழித்துவிடவேண்டும். காய்ந்தபின் கத்தி வழுக்கும். ஈர்க்கு வேண்டுமானால் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி வார்ந்தெடுக்கச் சொல்லலாம். ஒரு விளக்குமாற்றுக்கு இரண்டு மூன்று ஓலையின் ஈர்க்குத் தேவைப்படும், பின்னேரம் முழுவதும் கதையும் நடக்கும். வார்ந்த இலையைக் கொத்திக் குவியலில் போடலாம், அல்லது வாழையடியில் மூடாக்காகப் பரப்பலாம். மட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிறகு முழ நீளத்துக்குத் தறிக்கவேண்டும். பிளக்காத மட்டை வெளியே காய்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

பொச்சு முழுவதையும் விறகாக்க வேண்டியதில்லை. அது தண்ணீரை உறிஞ்சி நெடுநேரம் பிடித்துவைக்கும் இயல்புடையது என்பதால், தென்னையிலிருந்தும் வாழையிலிருந்தும் சற்று விலகிக் குழிவெட்டி, உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண்ணால் மூடினால், பெப்ரவரி வெயிலிலும் வேரடி ஈரமாக இருக்கும். சிரட்டையை மழைபடும் இடத்தில் ஒரு நாள்கூட மலர்த்தி வைக்கக்கூடாது. டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் இல்லை. கூரைக்குக் கீழே, ஓட்டையிட்ட உரப்பையில், கவிழ்த்து வைக்கவேண்டும்.

விறகை வைக்கும் இடம் நிலத்திலிருந்து அரையடியாவது உயர்ந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் கறையான் ஏறும். நாலு சீமெந்துக் கல்லும் இரண்டு குறுக்குத் தடியும் போதும். வீட்டுச் சுவரோடு ஒட்டவோ எரிவாயுச் சிலிண்டர் நிற்கும் பக்கமாகவோ அடுக்கக்கூடாது. நவம்பர் மழைக்கு முன்னரே பிளந்து கூரைக்குள் ஏற்றாத மட்டை தைப்பொங்கலுக்கு உதவாது. மார்கழியில் நனைந்ததைக் கொண்டு ஒருமுறை பொங்க முயன்று, சூரியன் தென்னைமரத்துக்கு மேலே போகும்வரை பால் பொங்காமல் கண்ணீர் வடித்தது எங்கள் வீட்டில் இன்னும் பகிடிக்கு உரிய கதை.

லொறிக்குப் போவது

தடித்த குற்றிகள், அலரி, முட்செடிகள், நோய் கண்ட செடிகள் ஆகியவை மட்டும் மிஞ்சும். மாநகர சபை குப்பையை உக்குவது, உக்காதது என்று பிரித்தே ஏற்கிறது. தோட்டக் கழிவைத் தனியே கட்டி, எந்த நாளில் எடுப்பார்கள் என்பதை அந்த வழியால் வரும் தொழிலாளரிடமே கேட்டு வைப்பது எல்லாவற்றிலும் சுலபம். முதல்நாள் இரவே ஒழுங்கையில் வைத்தால் நாய் இழுத்துப் பரப்பிவிடும்.

நெருப்பு

குப்பையைத் தீர்ப்பதற்காக எரிப்பதும் சமைப்பதற்காக விறகு எரிப்பதும் ஒன்றல்ல. முன்னதில் எவ்வளவு சேர்ந்ததோ அவ்வளவும் எரிகிறது. பின்னதில் பானைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முதல்நாள் போகி என்று பழையதை எரிக்கிறார்கள். சென்னையில் அந்தப் புகையால் விமானங்கள் தாமதமான வருடங்களும் உண்டு. எங்களிடம் அந்த வழக்கம் பெரிதாக இல்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை. எங்கள் வீட்டு நெருப்பு மறுநாள் விடிகாலையில், முற்றத்தில், பானைக்குக் கீழே மூட்டப்படுவது. 2022 இல் எரிவாயு கிடைக்காமல் கொழும்பே வரிசையில் நின்ற மாதங்களில், முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைக்கத் தெரிந்த வீடுகளும் உரப்பையில் சிரட்டை வைத்திருந்த வீடுகளும் மற்றவர்களைவிடக் குறைவாகவே அல்லற்பட்டன. ஆகவே வருடத்தில் ஒரு நாளாவது பிள்ளைகள் விறகடுப்பைப் பழகுவது நல்லதுதான்.

வாடகை வீடானால் சொந்தக்காரரிடமும், பொது முற்றமானால் குடியிருப்பு நிர்வாகத்திடமும் முன்கூட்டியே சொல்லவேண்டும். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லவேண்டும். மறுநாள் அவர்கள் வீட்டுக்கும் பொங்கல் போகப்போகிறது என்பதால் இதில் சங்கடம் ஒன்றுமில்லை.

மதில், வாகனம், சிலிண்டர், விறகுக் குவியல் ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது விலகிய, மேலே கொப்போ மின்கம்பியோ உடுப்புக் கொடியோ இல்லாத இடத்தைத் தெரிவுசெய்யவேண்டும். மாபிள் பதித்த தரையிலும் சீமெந்து முற்றத்திலும் நேரடியாக நெருப்பு மூட்டக்கூடாது. சூட்டில் தரை வெடித்துச் சில்லுத் தெறிக்கும். நாலங்குலத் தடிப்புக்கு மணல் பரப்பி, அதன்மேல் மூன்று செங்கல்லைப் பானை ஆடாதபடி மட்டமாக வைக்கவேண்டும். ஈரம் ஊறிய கருங்கல்லும் சூடேறினால் வெடிக்கக்கூடும், ஆகவே காய்ந்த செங்கல்லே நல்லது. உலக்கை வைத்து மாவால் நாற்புறமும் போடும் கோலத்தை ஆறடிக்குக் குறையாமல் பெரிதாகப் போட்டு, அடுப்பைப் பார்க்கும் இருவரைத் தவிர மற்ற எவரும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால், வேறு வேலி தேவையில்லை. கோட்டுக்கு வெளியே இரண்டு வாளி தண்ணீரும், ஒரு வாளி மணலும், நனைத்த சாக்கொன்றும் வைத்திருக்கவேண்டும்.

மூட்டும் ஒழுங்கு இதுதான். அடியில் கற்பூரமும் பன்னாடையும், அதன்மேல் முறுக்கிய காய்ந்த ஓலை, அதன்மேல் பாளைச் சிராய், அது பிடித்ததும் பிளந்த மட்டை இரண்டு மூன்று. மண்ணெண்ணெய் வேண்டாம், பெற்றோலை வாசலுக்கும் கொண்டுவரக்கூடாது. சிரட்டை கடைசியில். அது வேகமாகவும் மிகுந்த சூட்டோடும் எரியும் என்பதால், தொடக்கத்திலேயே போட்டால் புது மண்பானை கீறிவிடும். மண்பானையை முதல்நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைப்பதும் இதற்காகத்தான். நெருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டையை உள்ளே தள்ளுவதாலும் வெளியே இழுப்பதாலும். ஊதுகுழல் இருந்தால் முகத்தை அடுப்பருகில் கொண்டுபோக வேண்டியிராது. ஒரு கொத்து அரிசிப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் ஓர் ஓலையின் மட்டையும் பன்னிரண்டு பதினைந்து சிரட்டையும் போதுமாக இருக்கிறது. பெயின்ற் அடித்த பலகை, பிளைவூட், பழைய தளபாடம், பத்திரிகைக் கட்டு என்று எதையும் அதற்குள் ஒழித்துவிட நினைக்கக்கூடாது. அந்தப் புகை பொங்கலிலும் படும்.

அடுப்போடு நிற்பவர் பருத்தி உடுப்பு உடுத்திருக்கவேண்டும். சேலையின் முந்தானையை இடுப்பில் செருகவேண்டும், வேட்டியை மடித்துக் கட்டவேண்டும், துப்பட்டாவைக் கழற்றி வைக்கவேண்டும். பால் பொங்கும்போது கொளுத்தும் வெடி எங்கள் வீடுகளில் தவறாது. அதை ஒழுங்கைப் பக்கத்திலேயே, பெரியவர் ஒருவரின் கையால், அடுப்பிலிருந்தும் விறகிலிருந்தும் தள்ளியே கொளுத்தவேண்டும். யாருக்காவது சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் அந்த இடத்தில் ஓடவிடவேண்டும். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வைக்கக்கூடாது. பெரிய காயமானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். நெருப்பு கைமீறினால் தீயணைப்புப் படைக்கு 110.

பானை இறங்கியதும் கொள்ளிகளைப் பிரித்து மணலில் பரப்பி, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து, தடியால் கிளறி, ஆவி எழும்புவது நிற்கும்வரை ஒருவர் அருகில் இருக்கவேண்டும். எல்லோரும் இலைபோட்டுச் சாப்பிடப் போய்விடும் அந்த அரைமணி நேரம்தான் ஆபத்தான நேரம். சாம்பலை மூடியுள்ள தகரப் பேணியில் இரண்டு நாள் வைக்கவேண்டும், ஏனென்றால் மேலே ஆறிய சாம்பலுக்குள் தணல் மறுநாளும் உயிரோடிருக்கும். அதைப் பிளாஸ்ரிக் வாளியில் அள்ளிவைத்து வாளியை இழந்த வீடுகள் பல. நன்றாக ஆறியபின் தேசி மரத்தடியிலும் வாழையடியிலும் மெல்லியதாகத் தூவலாம். அதில் பொற்றாசியமும் கல்சியமும் உண்டு, ஆனால் காரத்தன்மை கூடியது என்பதால் ஒரே இடத்தில் கொட்டக்கூடாது. எருக்குவியலிலும் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை வெண்கலப் பாத்திரம் துலக்க எடுத்துவைக்கலாம். கோலமாவும் சிந்திய பயறும் முற்றத்தில் கிடந்தால் அன்று பின்னேரமே கூட்டிவிடவேண்டும், இரவில் எலி வரும். செங்கற்களை மழை படாமல் விறகுக்குக் கீழே அடுக்கிவைத்தால் அடுத்த தைக்கும் காய்ந்தபடி இருக்கும்.